ஒரு சொல்லுக்காக ஒரு ராத்திரி: கச்சியப்பர் வரலாறு

ஓம் சரவணபவ. வேலும் மயிலும் துணை.

போன சஷ்டிக்கு நம்ம குழுவுல நான் ஒரு பதிவு போட்டிருந்தேன், சில பேருக்கு ஞாபகம் இருக்கும். சூரனை முருகன் கொன்னு போடலை, மயிலாவும் சேவலாவும் ஆட்கொண்டார்னு எழுதியிருந்தேன். அதுல ஒரு சொல்லைப் பிழையா எழுதிட்டேன். விஷயம் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் அந்தச் சொல்லை மட்டும் பிடிச்சுக்கிட்டு, இலக்கணம் தெரியாதவனெல்லாம் புராணம் பேசலாமான்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார். நான் பதில் சொல்லலை. பதிவை அழிச்சேன். நாலு நாள் குழுப் பக்கமே வரலை.

அப்போ எங்க ஆச்சிதான் கச்சியப்பர் கதையை எடுத்துச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச கதைதான். ஆனா அன்னைக்குக் கேட்டது வேற மாதிரி இருந்தது. அதுக்கப்புறம் கந்தபுராணத்தை உரையோட எடுத்துவச்சு நானே கொஞ்சம் கொஞ்சமா வாசிக்க ஆரம்பிச்சேன். இந்தப் பதிவு அதிலிருந்து வந்தது.

கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிபுரத்துக்காரர். அப்பா பேர் காளத்தியப்ப சிவாசாரியார். ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் நடுவுல, அப்பா அம்மாவுக்கு இடையில பிள்ளை உட்கார்ந்த மாதிரி இருக்கிற குமரகோட்டம்தான் அவர் பூசை செய்த கோயில். வடமொழியும் தமிழும் சிவாகமமும் படிச்சவர். ஆனா தினம் காலையில எழுந்து திருமஞ்சனக் குடம் தூக்குற அர்ச்சகர். அரசவையில பொன் வாங்குன புலவர் இல்லை. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஒரு ராத்திரி முருகன் கனவுல வந்து, வடமொழிக் கந்தபுராணத்துல சங்கர சங்கிதையில இருக்கிற சிவரகசிய காண்டத்தைத் தமிழ்ல பாடுன்னு உத்தரவு கொடுத்து, முதல் அடியையும் தானே எடுத்துக் கொடுத்தார்னு வரலாறு. அன்னையிலிருந்து தினம் 100 பாட்டு. ராத்திரி அர்த்தசாமம் முடிஞ்சதும் ஏட்டை முருகன் திருவடியில வச்சுட்டு நடையைச் சாத்திடுவார். காலையில திறந்து பார்த்தா ஏட்டுல அங்கங்கே திருத்தம் இருக்குமாம். மொத்தம் 10,345 பாட்டு. கணக்குப் போட்டா 103 நாள் முழுசா, 104ஆம் நாள் 45 பாட்டு. இவ்வளவு வேகமா ஒரு மனுஷன் விருத்தம் பாட முடியுமான்னு நம்ம குழுவுலயே ஒருத்தர் கேட்டிருக்கார். எனக்கு அதைவிட அந்தத் திருத்தம்தான் பெருசாத் தெரியுது. ஒவ்வொரு காலையும் தன் பிழையைத் தானே போய்ப் பார்த்துட்டு அடுத்த 100 பாட்டுக்கு உட்கார்ந்திருக்காரே!

இப்போ அரங்கேற்றம். குமரகோட்டத்துல அதுக்கான மண்டபம் இன்னைக்கும் இருக்கு, போனா பாருங்க. ஊர்ப் பெரியவங்களும் புலவர்களும் கூடியிருக்காங்க. முதல் பாட்டு விநாயகர் காப்பு. அதோட முதல் சொல்லிலேயே சபை நிறுத்திடுச்சு. விளங்குகிற பத்துக் கை உடைய சிவபெருமானைச் சொல்ல வர்ற இடம். திகழ் என்கிற சொல்லும் தசம் என்கிற சொல்லும் சேருது. சேரும்போது ழகரமும் தகரமும் போய் டகரம் வந்து நிக்குது. இப்படிப் புணர தொல்காப்பியத்துல விதி எங்கே இருக்குன்னு ஒரு புலவர் கேட்டார். கச்சியப்பர், இது நான் பாடின அடி இல்லை, முருகன் கொடுத்த அடின்னு சொன்னார். சபை விடலை. அப்படின்னா முருகனே வந்து விதி காட்டட்டும், இல்லேன்னா நீங்க காட்டுங்க, நாளைக்குப் பார்ப்போம்னு கலைஞ்சு போயிட்டாங்க.

இந்த ராத்திரியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அந்தச் சொல்லை மாத்திட்டா வேலை முடிஞ்சுது. 10,345 பாட்டு பாடினவருக்கு ஒரு சொல்லை மாத்துறது பெரிய காரியமா? ஆனா மாத்தினா, முருகன் கொடுத்த அடின்னு சொன்னது பொய்னு ஆகும். அது பொய்னா ஏட்டுல இருந்த திருத்தமெல்லாம் யார் போட்டது? அப்புறம் எந்த முகத்தோட மறுநாள் காலையில அதே சந்நிதிக் கதவைத் திறக்கிறது? மாத்தாம இருந்தா, விதி காட்ட அவர் கையில எதுவும் இல்லை. என்னை மாதிரி அழிச்சுட்டு ஓட அவருக்கு வழியும் இல்லை, காலையில பூசைக்கு அதே கோயிலுக்குத்தான் வந்தாகணும். அவர் அழுது முறையிட்டுட்டுத் தூங்கிப் போனாராம். கவலைப்படாதே, நாளைக்குச் சோழநாட்டிலிருந்து ஒருத்தர் வருவார்னு கனவுல பதில் கிடைச்சது.

மறுநாள் சபையில ஒரு புலவர் வந்தார். கையில வீரசோழியம். அதுல சந்திப் படலத்தை எடுத்து, அந்தப் புணர்ச்சிக்கு விதி இருக்கிறதைக் காட்டினார். சபை ஒத்துக்கிட்டது. வந்தவரைத் தேடினா ஆளைக் காணோம். வந்தது யாருன்னு அப்புறம்தான் எல்லாருக்கும் புரிஞ்சது.

இதுல ஒரு சின்ன விஷயத்தை நாம கவனிக்கிறதே இல்லை. வீரசோழியத்தை எழுதின புத்தமித்திரர் பௌத்தர். 11ஆம் நூற்றாண்டுல வீரராசேந்திர சோழன் பேரால எழுதப்பட்ட இலக்கணம் அது. சைவப் புராணத்துக்கு நம்ம முருகன் சாட்சிக்கு எடுத்துட்டு வந்தது ஒரு பௌத்தர் எழுதின புத்தகத்தை! நான் வேம்பார்க்காரன். பரிசுத்த ஆவி ஆலயத்து மணிச் சத்தத்துல எழுந்திருக்கிற ஊர். சஷ்டிக்கு நாங்க செந்தூர் நடக்கும்போது முதல் ஊர் தாண்டுறதுக்குள்ள மோர் கொடுக்கிறது பக்கத்து வீட்டு பரதவர் குடும்பம். அதனால இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் அரங்கேற்றம் ஒரு வருஷம் நடந்து முடிஞ்சதுன்னும், புராணத்தையும் பாடினவரையும் பல்லக்குல வச்சு ஊர்வலம் விட்டாங்கன்னும் சொல்லுவாங்க. அவரோட மாணவர் கோனேரியப்ப முதலியார் உபதேச காண்டத்தைப் பாடினார். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துக் கோயில்கள்ல ஒருத்தர் பாட்டை வாசிக்க இன்னொருத்தர் பயன் சொல்ற புராணபடனம் தலைமுறை தலைமுறையா நடந்துட்டு வருது.

கச்சியப்பர் வீரத்தை எப்படிப் பாடியிருக்கார்னு சொல்லாம விட்டா இந்தப் பதிவு பாதிதான். வீரபாகு நம்ம செந்தூர்க் கடற்கரையிலிருந்து, கந்தமாதன மலை மேல ஏறி, கடல் தாண்டி வீரமகேந்திரபுரத்துக்குத் தூது போறார். சிறையில கிடக்கிற இந்திரன் மகன் சயந்தனையும் தேவர்களையும் முதல்ல பார்த்துத் தைரியம் சொல்றார். அப்புறம்தான் சூரன் சபை. அங்கே முருகன் அருளால வந்த ஆசனத்துல சூரனுக்குச் சமமா உட்கார்ந்து பேசுறார்.

எதிர்ப்பக்கமும் வீரர்கள்தான். சிங்கமுகன் தேவர்களை விட்டுடுன்னு அண்ணன்கிட்ட சொல்லிப் பார்க்கிறான், அண்ணன் ஏசினதும் அவனுக்காகவே போருக்குப் போய் உயிரை விடுறான். மூத்த மகன் பானுகோபனும் அப்படித்தான். சூரனுக்கே முருகனோட பெரிய வடிவத்தைப் பார்த்த ஒரு நொடி மனசு உருகுது, கும்பிடணும்னு தோணுது, அப்புறம் பழைய மானம் வந்து மூடிக்குது. வேற ஒரு புலவர்னா அசுரனை இவ்வளவு கிட்டப் போய்ப் பார்த்திருப்பாரான்னு எனக்குச் சந்தேகம்தான்.

என்னை ரொம்ப நிறுத்தி வச்சது சூரனோட இன்னொரு மகன் இரணியன். அப்பாவுக்குப் புத்தி சொல்லிப் பார்த்தான், கேக்கலை. போருக்குப் போய் நின்னான். தோத்துடுவோம்னு தெரிஞ்சதும், எல்லாரும் செத்துட்டா அப்பாவுக்கு யார் கடன் செய்யறதுன்னு யோசிச்சு, மீனாகிக் கடலுக்குள்ள போயிட்டான். கோழைன்னு ஒரே வார்த்தையில தள்ளிடலாம். கச்சியப்பர் காரணத்தையும் சேர்த்தே பாடி வச்சிருக்கார்.

சாயங்காலம் எங்க ஊர்க் கரையில வள்ளம் ஏத்தி வலையைத் தட்டும்போது நான் போய் நிக்கிறது உண்டு. கடலைப் பார்த்தா இப்பெல்லாம் அந்தப் பிள்ளை நினைப்பு வந்துடுது.

அழிச்ச பதிவை, அந்தச் சொல்லைத் திருத்தி, நேத்து ராத்திரி மறுபடி போட்டுட்டேன். பெரியவர் இன்னும் ஒண்ணும் சொல்லலை. இந்த வருஷம் சஷ்டிக்கு வேம்பார்லேருந்து நடக்கிறவங்க முன்னாடியே பேர் சொல்லிடுங்க. எண்பது கிலோமீட்டர் வாக்குல வரும், வழியில ராத்திரி தங்குற இடத்துல யுத்த காண்டம் வாசிக்கலாம்னு இருக்கேன். உரைப் புத்தகம் என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு, இருக்கிறவங்க எடுத்துட்டு வாங்க.

முருகா சரணம்.