‘பர்னஸ்’ எப்படி ‘பர்ன்ஸ்’ ஆனார்? ஸ்காட்லாந்து கவிஞரின் குத்தகைக் குடும்பக் கதை

புத்தாண்டு இரவு மணி 12 அடித்ததும் உலகின் பல ஊர்களில் கைகோத்துக்கொண்டு ‘ஆல்ட் லாங் சைன்’ பாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாட்டுக்கு இன்றைய வடிவம் தந்தவர் ராபர்ட் பர்ன்ஸ். ஸ்காட்லாந்து தன் தேசியக் கவிஞராகக் கொண்டாடும் மனிதர். ஆனா, 27 வயது வரை அவர் குடும்பப் பெயரை எழுதியது ‘பர்ன்ஸ்’ என்று இல்லை, ‘பர்னஸ்’ என்றுதான். சின்ன ஸ்பெல்லிங் மாற்றம்தானே என்று தோன்றலாம். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், சொந்த நிலமே இல்லாமல் பண்ணை பண்ணையாக இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதை கிடைக்கிறது.

பூர்வீகம் எது?

வடகிழக்கு ஸ்காட்லாந்தின் கின்கார்டின்ஷயர்தான் பர்னஸ்களின் பூர்வீகம். அங்குள்ள க்ளென்பெர்வி கல்லறைத் தோட்டத்தில் கவிஞரின் கொள்ளுத்தாத்தா காலத்துக் கல்லறைகள் இருக்கின்றன. எல்லோருமே விவசாயிகள், ஆனால் குத்தகைதாரர்கள். வாடகை கட்ட முடியாமல் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதுதான் நடந்தது. க்ளோக்னாஹில் பண்ணையில் தாத்தா நொடித்துப்போக, 1748-ல் மகன் வில்லியம் வேலை தேடி எடின்பரோவுக்குப் போனார். தோட்ட வேலை செய்தார். பிறகு மேற்குக் கரையோரம் உள்ள அயர்ஷயரில் அலோவே கிராமத்துக்கு வந்து, தன் கையாலேயே ஒரு மண் வீடு கட்டினார். 1759 ஜனவரி 25-ல் ராபர்ட் பிறந்தது அந்த வீட்டில்தான்.

அப்பாவின் போராட்டம்

ஏழு பிள்ளைகளில் மூத்தவர் ராபர்ட். 1766-ல் மவுண்ட் ஒலிஃபன்ட் பண்ணைக்குக் குடும்பம் மாறியது. மண் மோசம், வாடகை அதிகம். சின்ன வயதிலேயே ஏர் பிடித்து, பெரியவர்கள் செய்யும் வேலையை இழுத்துப் போட்டுச் செய்ததில் ராபர்ட்டின் உடம்பு கெட்டது. 1777-ல் லாக்லி பண்ணை. அங்கே வாடகைத் தகராறு முற்றி, எடின்பரோ உச்ச நீதிமன்றம் வரை போனது. 1784 ஜனவரியில் வில்லியம் ஜெயித்தார். ஆனால் அதற்குள் பணமும் போச்சு, உடம்பும் போச்சு. அடுத்த மாதமே இறந்துவிட்டார்.

பெயர் மாறிய ஆண்டு

1786-ல் ராபர்ட்டுக்கு எல்லாமே ஒரே நேரத்தில் நடந்தது. மாஸ்கீல் பண்ணையில் விளைச்சல் இல்லை. காதலி ஜீன் ஆர்மர் கர்ப்பம், அவருடைய அப்பாவோ கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை. ஜமைக்காவில் அடிமைகள் உழைத்த தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலைக்குப் போகவும் ராபர்ட் தயாரானார்.

அதற்கு முன் ஜூலை 31-ல் கில்மார்னக் நகரில் தன் கவிதைகளை அச்சிட்டார். 612 பிரதிகள், விலை 3 ஷில்லிங். சீக்கிரமே விற்றுத் தீர்ந்தது, ஜமைக்கா பயணமும் நின்றது. அந்தப் புத்தகத்தில் இருந்த பெயர் ‘பர்ன்ஸ்’. அயர்ஷயரில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த வடிவம் அது. அப்பா கொண்டுவந்த வடக்கத்திப் பெயரை விட்டுவிட்டு, தான் பிறந்த மண்ணின் பெயரை மகன் எடுத்துக்கொண்டார்.

பெயர் மாறியும் அறுபடாத உறவு

புகழ் வந்த பிறகும் பூர்வீகத்தை அவர் மறக்கவில்லை. 1787-ல் வடக்கே பயணம் போனபோது அப்பா வழிச் சொந்தங்களைத் தேடிப் போய்ப் பார்த்தார். மான்ட்ரோஸ் நகரில் வழக்கறிஞராக இருந்த பெரியப்பா மகன் ஜேம்ஸ் பர்னஸுடன் அதற்கு முன்பிருந்தே கடிதத் தொடர்பு உண்டு.

எல்லிஸ்லாண்ட் பண்ணையும் கைகொடுக்காததால், கடைசியில் கலால் துறைச் சம்பளத்தை நம்பி டம்ஃப்ரீஸ் நகரில் குடியேறினார். 1796 ஜூலையில் படுத்த படுக்கை. துணிக்கடைக்காரர் பாக்கியைக் கேட்டு மிரட்ட, கடனுக்காகச் சிறைக்குப் போய்விடுவோமோ என்று பயந்தார். அப்போது 10 பவுண்டு கேட்டு அவர் கடிதம் எழுதியது அந்த ஜேம்ஸ் அண்ணனுக்குத்தான். ஜேம்ஸ் பணம் அனுப்பினார். ஜூலை 21-ல், 37 வயதில் கவிஞர் இறந்தார்.

இந்தியாவுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதே ஜேம்ஸின் பேரன்தான் கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் பர்னஸ், 1841-ல் காபூலில் கொல்லப்பட்டவர். அவருடைய பெயரில் பழைய ஸ்பெல்லிங் அப்படியே இருந்தது.

நமக்கு என்ன புரிகிறது?

ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பைக் கட்டாயமாக அரசிடம் பதியும் முறை வந்தது 1855-ல்தான். அதற்கு முன் தேவாலயப் பதிவேடுகளைத்தான் நம்ப வேண்டும். எழுதுபவர் காதில் விழுந்தபடி பெயரை எழுதுவது அப்போது சகஜம். அதனால் ஒரே பெயர் இருந்தால் எல்லோரும் சொந்தம் என்றும் சொல்ல முடியாது, எழுத்து மாறினால் சொந்தமில்லை என்றும் சொல்ல முடியாது. ‘பர்ன்ஸ்’ என்று மட்டும் தேடினால், கடைசி நேரத்தில் 10 பவுண்டு அனுப்பிய அந்த அண்ணன் நம் கண்ணிலேயே பட மாட்டார்.