வெறுங்காலோடு கிளாஸ்கோ போனவர்



விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வரும் நமக்கு மண்டகப்பட்டு என்றால் ஒரு ஸ்டாப்பிங், அவ்வளவுதான். ஆனால் அங்கே 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்புச் சாந்து இல்லை. இவை எதுவுமே இல்லாமல் எழுப்பிய கோயில் இது என்று கல்வெட்டிலேயே வெட்டி வைத்துவிட்டார் ராஜா. இல்லாததை மறைக்காமல் பெருமையாகச் சொன்ன மனுஷன்!

அதை நினைக்கும்போதெல்லாம் கூடவே இன்னொருவர் என் ஞாபகத்துக்கு வருவார். அவரிடம் பூட்ஸ் போடும் பழக்கம் இல்லை. அப்படியே போய் ஐரோப்பாவின் பெரிய கால்பந்து கிளப் ஒன்றில் ஆடிவிட்டு வந்தார். அவர்தான் முகமது சலீம்.

சலீம் 1904-இல் கல்கத்தாவின் மேட்டியாபுரூஸ் பகுதியில் பிறந்தவர். வசதியான குடும்பம் இல்லை. அவர் சிறுவனாக இருந்தபோது, 1911-இல், மோகன் பகான் அணி ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாள அணியை 2-1 என்று வென்றது. ஜெயித்த பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால்! ஆள்பவனை அவனுடைய ஆட்டத்திலேயே ஜெயிக்கலாம் என்று ஊரே கொண்டாடிய காலம் அது. அந்தக் காற்றைச் சுவாசித்துத்தான் சலீம் வளர்ந்தார்.

பின்னாளில் அவர் முகமதன் ஸ்போர்ட்டிங் அணிக்கு வந்தார். கல்கத்தா லீக் கோப்பையை அதுவரை எந்த இந்திய அணியும் தொட்டதில்லை. 1934-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் தொட்டது. தொட்டதோடு விடவில்லை, 1938 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் கோப்பை அவர்களுக்குத்தான். வலது ஓரத்தில் பந்தைக் காலோடு ஒட்டவைத்த மாதிரி கொண்டுபோவது சலீமின் வேலை.

1936-இல் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் போகும் வழியில் சீன அணி இந்தியாவில் ஆடியது. முதல் ஆட்டத்தில் சலீம் பிரமாதமாக ஆடினார். அடுத்த ஆட்டத்துக்கு ஆளைக் காணோம்! உறவினர் ஹாஷிமோடு கப்பல் ஏறிவிட்டார் சலீம். ஹாஷிம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் கடை வைத்திருந்தவர். இங்கிருக்கும் திறமையை அங்கே காட்டணும் என்பது அவருடைய பிடிவாதம்.

நேராக செல்டிக் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். செல்டிக் என்ன சாதாரண கிளப்பா? 1935-36 ஸ்காட்லாந்து லீக் சாம்பியன்! ஆனால் அந்தக் கிளப்பின் பூர்வீகமும் ஒரு ஏழைக் கதைதான். பிழைப்புக்காக அயர்லாந்திலிருந்து கிளாஸ்கோவுக்கு வந்து குடியேறிய மக்களின் பசி தீர்க்க நிதி திரட்டுவதற்காக 1887-இல் ஆரம்பித்த கிளப் அது.

மேனேஜர் வில்லி மேலி 1897 முதல் அந்தப் பதவியில் இருந்தவர். சம்பளத்துக்கு ஆடும், ஆணி வைத்த பூட்ஸ் போட்ட ஆட்களுக்கு நடுவே வெறுங்காலோடு ஒருவரா என்று யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனாலும் அவர் கேட்டைச் சாத்தவில்லை. ஆடிக்காட்டச் சொன்னார். சலீம் ஆடிக்காட்டினார். அதற்குப் பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

செல்டிக்கின் பழைய நட்சத்திரம் ஜிம்மி மெக்மெனமி குனிந்து சலீமின் காலுக்குத் துணிக்கட்டு போடும் புகைப்படம் இன்றைக்கும் இருக்கிறது. நினைத்துப் பாருங்கள், வருஷம் 1936. நம்மை ஆண்டுகொண்டிருந்த தேசத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஓர் இந்தியனின் பாதத்தைக் கையில் ஏந்திக் கட்டுப்போடுகிறார்!

ஹாமில்டன் அணிக்கு எதிராக 5-1. ஆகஸ்ட் 28-இல் கால்ஸ்டன் அணிக்கு எதிராக 7-1. இரண்டிலும் செல்டிக்குக்கே வெற்றி. அவருடைய பத்து விரல்களும் செய்த மாயத்தை மறுநாள் பத்திரிகை புகழ்ந்து தள்ளியது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போய் ஓர் ஐரோப்பிய கிளப்புக்கு ஆடிய முதல் வீரர் என்று இன்றும் சலீமைத்தான் சொல்கிறார்கள்.

உண்மையையும் சொல்லிவிடணும். அவை இரண்டும் மெயின் டீம் ஆட்டங்கள் அல்ல, ரிசர்வ் அணியின் ஆட்டங்கள். மூன்றாவது ஆட்டமும் இல்லை. ஊர் ஞாபகம் சலீமை வாட்டியது. கிளப் இருக்கச் சொல்லியும் அவர் சில மாதங்களில் திரும்பிவிட்டார். அவருக்காக ஒரு நன்கொடை ஆட்டம் நடத்தி வசூலில் பங்கு தர முன்வந்தபோது, அதை அங்கிருந்த அநாதைக் குழந்தைகளுக்கே கொடுத்துவிடச் சொன்னாராம்! கல்கத்தா வந்து மறுபடியும் முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கே ஆடினார்.

வயதான காலத்தில் உடம்பு முடியாமல் இருந்தபோது, கிளப்புக்கு அப்பாவை ஞாபகம் இருக்கிறதா பார்ப்போம் என்று மகன் செல்டிக்குக்குக் கடிதம் போட்டார். 100 பவுண்டுக்கு டிராஃப்ட் வந்தது. குடும்பம் அதைக் காசாக்காமல் பொக்கிஷமாக வைத்துக்கொண்டது. 1980-இல் சலீம் காலமானார்.

இதையெல்லாம் ஏன் நம் மலரில் எழுதுகிறேன்? போன வருஷம் ஓர் அப்ரண்டிஸ் இன்டர்வியூவுக்குப் போனேன். கேட்டில் நின்றவர்கள் எல்லாம் பி.இ. முடித்தவர்கள், டை கட்டியிருந்தார்கள், இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். நாம டிப்ளமோதானே என்று உள்ளேகூடப் போகாமல் பஸ் ஏறிவிட்டேன். என்னை யாரும் ரிஜெக்ட் செய்யவில்லை நண்பர்களே, நானே என்னை ரிஜெக்ட் செய்துகொண்டேன்! சலீமும் அந்த கேட்டிலேயே தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

அதற்காக நாளைக்கே வெறுங்காலோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நிற்காதீர்கள். ஷூ இல்லாமல் வந்தால் ஃபோர்மேன் சார் விடமாட்டார்! சலீமுக்கு பூட்ஸ்தான் இல்லை, பயிற்சி நிறையவே இருந்தது. லேத்தில் நிற்கும் நேரத்தை நாமும் ஒழுங்காக நின்றால் கையில் தொழில் இருக்கும். ஹாஷிம் மாதிரி கூட்டிக்கொண்டு போக ஒரு நண்பன் இருந்தால் இன்னும் நல்லது. இந்த வருஷம் இன்டர்வியூவுக்கு நான் போகிறேன். உள்ளே போகப் பயப்படும் ஜூனியர் தம்பி யாராவது இருந்தால் சொல்லுங்கள், ரெண்டு பேருமாகப் போவோம்!