மாணவன் என்று ஒப்பமிட்டவர்

அப்புத்தளைத் தோட்டமொன்றில் ஒரு மலைக்குப் புதிய உரத்தையும் அடுத்த மலைக்குப் பழைய உரத்தையும் இட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து முறை கொழுந்தை நிறுத்துப் பார்க்கிறார்கள் என்று கொள்வோம். ஒன்றின் சராசரி மற்றதனினும் சற்றே மிகுந்து நிற்கிறது. அம்மிகுதி உரத்தின் பயனோ, அன்றி மழையும் மூடுபனியும் பறிக்குங் கையும் தற்செயலாக விளைத்த வேறுபாடோ? கணக்கப்பிள்ளையின் பேரேடு இதற்கு விடை கூறாது. எம் மாணவர் கணினி விரிதாளில் இரு நிரல்களாக எண்களை இட்டு இமைப்பொழுதில் விடை காண்கின்றனர். அச்சோதனைக்கு ‘ஸ்டூடன்ட்’ என்பாரின் பெயர் வழங்குவதைக் கண்டு, இதனைக் கண்டறிந்தவன் ஒரு மாணவனோ என்று அவருள் ஒருவர் என்னை வினவினார்.

செம்புலப்பெயனீராரையும் தேய்புரிப்பழங்கயிற்றினாரையும் கற்ற நமக்கு, இயற்பெயர் மறைந்த ஆசிரியர் புதியவரல்லர். அப்புலவர்தம் பெயரைக் காலம் மறைத்தது. இவர் பெயரை மறைத்தது இவர் பார்த்த உத்தியோகம்.

வில்லியம் சீலி கொசெற் 1876 யூன் 13இல் இங்கிலாந்தின் கன்ரர்பரி நகரிலே பிறந்தார். தந்தையார் படைப்பொறியியற் பிரிவில் உயர் அதிகாரி. மைந்தரும் அவ்வழியே செல்லக் கருதியிருந்தார்; கண்பார்வைக் குறை அதனைத் தடுத்தது. ஒக்ஸ்போட்டிற் கணிதமும் இரசாயனமும் பயின்று சிறப்புற்ற அவர், 1899இல் டப்ளின் நகரின் கின்னஸ் பியர் வடிசாலையிற் சேர்ந்தார். கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கும் யான் இவர் வரலாற்றை எழுதப் புகுந்தமை சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். விளைக்கட்டும்.

வாற்கோதுமையின் இனங்களை ஒப்பிட்டு நல்லதைத் தெரிதல் அவ்வடிசாலையின் பெருங்கவலை. ஒரு பரிசோதனைக்கு ஒரு பருவம் முழுதும் கழியும். கையிற் கிடைப்பனவோ நாலைந்து எண்கள். அக்காலத்துப் புள்ளிவிபரவியலோ நூறும் ஆயிரமுமான அளவைகளை நம்பி எழுந்தது. அதன் தலைவராய் விளங்கிய கார்ல் பியர்சனை 1905இல் கொசெற் கண்டு அளவளாவினார். 1906இல் இலண்டன் சென்று அவரது ஆய்வுகூடத்திற் பயின்றார். ஆயினும் சிறு மாதிரிகளைப் பற்றிய கவலை ஆசிரியருக்கில்லை. அது மாணவருக்கே உரியதாயிற்று.

மூவாயிரம் குற்றவாளிகளின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் முன்னரே அச்சில் வந்திருந்தன. அவற்றை மூவாயிரம் அட்டைகளில் எழுதி, நன்கு கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து, 750 சிறு மாதிரிகளை ஆக்கினார். கணினி இல்லாத காலத்தில் இஃது எத்துணைப் பொறுமையை வேண்டிய வேலை! சூத்திரத்தால் தாம் வருவித்த வளைகோடு அட்டைகள் காட்டியதோடு பெரிதும் ஒத்திருக்கக் கண்டார். 1908இல் அக்கட்டுரை வெளிவந்தது. ஊழியர் தம் பெயரால் ஆராய்ச்சியை வெளியிடுதலை நிறுவனம் ஒப்பாமையால், ‘மாணவன்’ என்னும் பொருள்பட ஸ்டூடன்ட் என்றே ஒப்பமிட்டார்.

கருத்து இதுதான். எண்கள் சிலவாயின், அவற்றின் சிதறலை நாம் மதிப்பிடுவதும் ஐயத்துக்குரியதே; ஆதலின் துணிவு கூறுமுன் வேறுபாடு இன்னும் பெரிதாதல் வேண்டும். நூற்றுக்கு ஐந்து என்னும் எல்லையில், பெருந்தொகை எண்களுக்கு 1.96 மடங்கு போதும்; நம் கொழுந்துக் கணக்கைப்போல ஐந்தும் ஐந்துமாயின் 2.306 வேண்டும். சேர்ந்து நில்லாத இரு மாதிரிகளின் சராசரிகளை ஒப்பிடும் முறையாக இதனை 1925இல் விரித்தவர் றொனால்ட் பிஷர். பியர்சனும் பிஷரும் கடும் பகைவர். இருவருக்கும் நண்பராய் இருந்தவர் கொசெற். இதனை அவரது கணிதத்தினும் அரிய செயலென்றே யான் மதிப்பேன்.

ஆசிரியர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1930இல் ஸ்கொத்லாந்தின் லனார்க்சயரில் இருபதினாயிரம் சிறுவரைத் தெரிந்து, பாதிப்பேருக்கு நான்கு மாதம் நாடோறும் பால் வழங்கி, மற்றப் பாதியினரோடு எடையும் உயரமும் ஒப்பிட்டனர். பிள்ளைகளைப் பிரிக்கையில், சமநிலை தவறியதாகத் தோன்றினால் மாற்றிக்கொள்ள ஆசிரியருக்கு இடமளிக்கப்பட்டிருந்தது. இரக்கமுள்ள நெஞ்சம் மெலிந்த பிள்ளைக்கன்றோ பாலை நீட்டும்! தொடக்கத்திலேயே பால் பெறாதார் உயரத்திலும் எடையிலும் மிகுந்து நின்றனர். மேலும், குளிர்காலத்தில் உடையோடு நிறுத்துக் கோடையில் மீண்டும் நிறுத்தமையால், கழற்றக் கனத்த உடையில்லாத ஏழைப் பிள்ளையின் எடை மிகுதியாய் ஏறியதுபோற் காட்டிற்று. 1931இல் கொசெற் இவற்றை எடுத்துக்காட்டி, ஒத்த இரட்டையர் ஐம்பது இணையரைக் கொண்டே சிறுசெலவில் இதனினும் திட்பமான விடை காணலாம் என்றார்.

அவ்வாண்டிலேயே நம் மலைநாட்டுத் தேயிலை நிலத்துப் பரிசோதனைகளின் பிழையளவைப் பற்றி ஈடன் என்பார் கட்டுரை வெளியிட்டார். ரொதம்ஸ்ரெட்டில் பிஷரோடு பணியாற்றி, இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தவர் அவர்.

விரிதாளின் ரி-சோதனைச் சார்பு இறுதியாக ஓர் எண்ணைக் கேட்கிறது. இணையிணையாய் நிற்கும் அளவைகளாயின் 1. சிதறல் ஒத்த தனி மாதிரிகளாயின் 2. சிதறல் ஒவ்வாதனவாயின் 3. எம் மாணவர் பெரும்பாலும் எண்ணிப் பாராது 2ஐ இடுகின்றனர். முதலிற் கூறிய இரு மலைகளுள் புதிய உரம் பெற்றது இயல்பிலேயே வளமான மண்ணாயின், எவ்வெண்ணை இட்டும் பயனில்லை. ஒரே மலையை அடுத்தடுத்த பாத்திகளாய்ப் பிரித்து, இரண்டிரண்டாய் இணைத்து, இணைக்கு ஒன்றாகப் புதிய உரமிட்டு 1ஐ இடுவதே தகும். வாற்கோதுமை வயல்களில் கொசெற் விரும்பியதும் இத்தகைய அடுத்தடுத்த ஒப்பீட்டையே.

1935இல் இலண்டனில் எழுந்த புதிய வடிசாலைக்கு அவர் மாற்றப்பட்டார். 1937 ஒக்ரோபர் 16இல், தம் அறுபத்தோராம் வயதில் காலமானார். நிலப் பரிசோதனைகளில் பாத்திகளை அடுக்கும் முறை பற்றிப் பிஷரோடு அவர் கொண்டிருந்த கருத்து வேறுபாட்டை ஆராயும் அவரது கடைசிக் கட்டுரை அடுத்த ஆண்டு அச்சாயிற்று. அதன் தலைப்பின் கீழும் ஸ்டூடன்ட் என்ற பெயரே இருந்தது.