இதயம் சென்ற ஊர்

புசல்லாவைத் தேயிலை மலைகளில் வாழும் நம்மில் பலரின் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். அத்தமிழகத்திற்கே அந்நியராய் வந்த கோஜா பெட்ரஸ் உஸ்கானை அறிவீர்களா?

பாரசீகத்தின் புதிய ஜுல்பாவில் ஆர்மேனியக் குடும்பத்தில் பிறந்த இக்கத்தோலிக்க வணிகர், சென்னையில் பெருஞ்செல்வம் ஈட்டினார். புனித தோமையார் மலைக்குச் செல்லும் திருப்பயணிகளுக்காக 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டினார்; மலையேறப் படிகளும் அமைத்தார். 1746-இல் பிரெஞ்சுக்காரர் நகரைக் கைப்பற்றியபோது, அவர்கள் பக்கம் சாய மறுத்துச் சொத்துகளை இழந்தார். 1751-இல் இறந்தார். உடல் வேப்பேரிச் சிற்றாலயத்தில் அடக்கமானது. இதயமோ பிறந்த ஊருக்கு அனுப்பப்பட்டது.

பிறந்த மண்ணை மறவாமலே வந்த மண்ணுக்கு உழைத்தார். இன்று குடும்பச் செபமாலைக்குப் பின், நம் முன்னோர் வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வாழும் ஊருக்கு நாம் எந்தப் படியைக் கட்டலாம் என்றும் அவர்களைக் கேளுங்கள்.