டர்போவைத் தந்த ஆல்ஃபிரட் பியூக்கி: டிராக்டர் வைத்திருப்போர் அறிய வேண்டியவை

பொம்மிடிப் பக்கம் பயிற்சிக்கு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. டர்போ இல்லாத பழைய டிராக்டரில் வெளியே வாங்கிய டர்போவை மாட்டி, டீசல் பம்பையும் கூட்டி வைத்தால், மரவள்ளி பிடுங்கிய இறுகிய நிலத்தில் ரோட்டாவேட்டர் திணறாமல் ஓடுமா? ஓடும். எத்தனை நாள் ஓடும் என்பதுதான் சிக்கல். அதற்கான பதில், டர்போவைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பியூக்கியின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

பியூக்கி 1879-ல் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் பிறந்தார். எஞ்சின் செய்யும் சுல்சர் ஆலை இருந்த ஊர் அது. அவருடைய அப்பாவும் அங்கேதான் அதிகாரி. நாம் தினமும் பெயர் சொல்லும் ருடால்ஃப் டீசல்கூட இளம் வயதில் அந்த ஆலையில் சிறிது காலம் தொழில் பழகியவர்தான்.

சூரிச்சில் பொறியியல் படித்த பியூக்கிக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. எரிக்கும் எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடாகப் புகையோடு வெளியேறி வீணாகிறதே என்பதுதான் அது. அந்தப் புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அந்த விசையில் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் முறைக்கு 1905-ல் காப்புரிமை கேட்டார். அப்போது அவருக்கு வயது 26.

யோசனை பிறந்துவிட்டது, ஆனால் பலன் கிடைக்க 20 வருடம் ஆனது. சுல்சர் ஆலையில் சேர்ந்து சோதனை மேல் சோதனை செய்தார். காற்றைத் திணிப்பது மட்டும் போதாது, கூடும் சூட்டையும் சமாளிக்க வேண்டும். 1925-ல் வழி பிறந்தது. உள்வால்வும் வெளிவால்வும் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருக்கும்படி அமைத்தார். புதுக்காற்று உள்ளே புகுந்து மிச்சப் புகையைத் தள்ளிவிட்டு, பிஸ்டனையும் வால்வையும் குளிரவைத்தது. பிறகு இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் எஞ்சின்களில் இந்த முறை வந்தது. 1,750 குதிரைத்திறன் 2,500 ஆக உயர்ந்தது. 1959-ல் அவர் மறைந்தபோது டர்போ உலகெங்கும் பரவியிருந்தது.

கவனியுங்கள், பியூக்கி டர்போவை மட்டும் மாட்டவில்லை, எஞ்சினையும் அதற்கேற்ப மாற்றினார். இன்று கம்பெனியே டர்போ வைத்துத் தரும் எஞ்சின்களிலும் பிஸ்டன், கேஸ்கெட், ரேடியேட்டர் எல்லாம் அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் கணக்கிட்டே அமைகின்றன. உங்கள் பழைய எஞ்சினில் அந்த ஏற்பாடு கிடையாது. பம்பைக் கூட்டி, கரும்புகை கக்க ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும், பிஸ்டன் உருகும். எஞ்சின் தாங்கினாலும் கிளட்ச், கியர்பாக்ஸ் தாங்குமா என்பது வேறு கதை.

இழுவை போதவில்லையா? முதலில் ஏர் ஃபில்டரையும் நாசிலையும் பாருங்கள். பாதிக் குறை அங்கேதான் இருக்கும் என்பது என் அனுபவம். நிலத்தில் ஈரப்பதம் இருக்கும்போது, சின்ன கியரில் உழுங்கள். ரோட்டாவேட்டரின் அகலம் டிராக்டரின் குதிரைத்திறனுக்கு ஏற்றதா என்றும் சரிபாருங்கள்.

டர்போவுடனே வந்த டிராக்டர் என்றால், கடும் உழவு முடித்த கையோடு எஞ்சினை அணைக்காதீர்கள். இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். சட்டென்று அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, கொதிக்கும் டர்போவின் பேரிங் கருகிவிடும்.