ஸர் ஜகதீச சந்திர போஸும் கலீனாக் கல்லும்

சுரங்கத்தினின்று எடுத்த கருநிறக் கல்லொன்று, கண்ணுக்குப் புலனாகாத கதிர்களை உணரவல்லது என்று உலகுக்குக் காட்டியவர் நம் பாரத நாட்டினர் ஒருவரே. அவர்தாம் ஸர் ஜகதீச சந்திர போஸ்.

இப்பெரியார் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வங்காளத்திற் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகஸ்தராயினும், மைந்தனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாது, உழவர் செம்படவர் மக்களோடு ஒருங்கிருந்து தாய்மொழியிலேயே கல்வி தொடங்கச் செய்தார். பின்னர்க் கல்கத்தாவில் இயேசு சபையாரின் தூய சவேரியார் கல்லூரியில் லாபோன் பாதிரியாரிடம் பௌதிக சாஸ்திரத்திற் பற்றுக்கொண்டு, கேம்பிரிட்ஜ் சென்று கற்றுத் தேறினார்.

1885-இல் கல்கத்தா இராசதானிக் கல்லூரியில் ஆசிரியரானார். ஆங்கு ஐரோப்பியர்க்கு அளித்த ஊதியம் இந்தியர்க்கு அளிக்கப்படவில்லை. குடும்பம் கடனில் ஆழ்ந்திருந்தும், குறைந்த சம்பளத்தைத் தொட மறுத்து, மூன்றாண்டுகள் ஊதியமின்றியே பாடம் நடத்தினார். முடிவில் அரசாங்கம் இணங்கி, முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு வழங்கிற்று. அப்பொருள் தந்தையின் கடன் தீர்க்கப் பயன்பட்டது.

மின்காந்த அலைகளை ஆராய்ந்த போஸ், அவற்றை உணர்தற்குக் கலீனாவைத் தேர்ந்தார். ஈயமும் கந்தகமும் கூடிய இக்கல்லின்மேல் உலோக முனையொன்றைத் தொடுமாறு அமைத்த கருவிக்கு 1901-இல் விண்ணப்பித்து, 1904-இல் அமெரிக்க உரிமைப் பட்டயம் பெற்றார். குறைகடத்தியால் இயன்ற கருவிகளுள் அது முதன்மையானவற்றுள் ஒன்றாகும்.

கலீனாவின் இயல்பு யாதெனில், அதன்கண் கட்டுண்ட எலெக்ட்ரான்களை விடுவிக்க ஏறத்தாழ 0.4 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலே போதும், சிலிக்கனுக்கோ 1.1 வேண்டும். ஆகவே சிலிக்கன் உணராத நெடிய அகச்சிவப்புக் கதிர்களையும், ஏறக்குறைய 3 மைக்ரான் அலைநீளம் வரை, இஃது உணரும். குளிர்விப்பின் அவ்வெல்லை இன்னும் நீளும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெப்பமுள்ள பொருள்களை இருளிற் கண்டறிய ஈய சல்பைடு உணரிகள் எழுந்தன. பின்னர் வான ஆராய்ச்சிக்கும், தீச்சுடர் காணவும், வாயுக்களை அளக்கவும் அவை உதவலாயின.

போஸ் தம் பட்டயத்தால் பொருளீட்ட விரும்பினாரல்லர். அது காலாவதியாக விட்டுவிட்டார். 1917-இல் ஆராய்ச்சி நிலையமொன்றை நிறுவி நாட்டுக்கு அர்ப்பணித்து, 1937 நவம்பர் 23-ஆம் நாள் மறைந்தார்.

களமருதூர் முதலிய சிற்றூர்களிற் தமிழ்ப் பள்ளியிற் பயின்று, கல்லூரி வாயிலில் அஞ்சி நிற்கும் மாணாக்கர் இவர் வரலாற்றை நினைவார்களாக. தாய்மொழியிற் தொடங்கிய கல்வி இவர்க்குத் தடையாகவில்லை; தன்மானமும் விடாமுயற்சியும் துணைநின்றன.