பனியன் கம்பெனிக்குள் ஃப்ளூ ஊசி... இந்த ஐடியாவுக்கு 130 வயசு! யார் இந்த ஹாஃப்கின்?

திருப்பூர் காங்கேயம் ரோட்டில் நல்லூர் பக்கம் போனால் சந்துக்குச் சந்து பனியன் கம்பெனி. பவர் டேபிள், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் என ஒரே ஹாலில் தோளோடு தோள் உரசி வேலை. ஐப்பசி மழை ஆரம்பிச்சு ஒருத்தர் இருமினால், வாரக் கடைசிக்குள் அந்த லைனே இருமும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு மூன்று நாள் காய்ச்சல் என்றால் மூன்று நாள் கூலி இல்லை. கம்பெனிக்கு ஷிப்மென்ட் தள்ளிப்போகும்.

மழைக்கு முன்னாடியே கேம்ப் போட்டு எல்லோருக்கும் ஃப்ளூ தடுப்பூசி போட்டால் என்ன? ஐடி கம்பெனிகளில் இது பழகிப்போன விஷயம்தான். ஆனால் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பவர் மனசில் ஒரு கேள்வி வரும். காய்ச்சலே இல்லாத எனக்கு முதலாளி எதுக்கு ஊசி போடுறார்?

நியாயமான கேள்வி. இதே கேள்வியை 1890-களில் இந்தியா முழுக்க எதிர்கொண்டவர் வால்டெமார் ஹாஃப்கின்.

டாக்டரே இல்லாத தடுப்பூசிக்காரர்

1860 மார்ச் 15-ல், அன்றைய ரஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். படித்தது விலங்கியல், மருத்துவம் இல்லை. யூதர்களுக்கு எதிரான கலவரங்கள் நடந்த காலம் அது. தற்காப்புக் குழுவில் இருந்ததற்காகக் கைதும் ஆனார். மதம் மாறினால் பல்கலைக்கழகத்தில் வேலை உறுதி என்ற நிலையிலும் மாற மறுத்துவிட்டார். 1888-ல் நாட்டை விட்டுக் கிளம்பி, அடுத்த வருஷம் பாரீஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தார். ஆராய்ச்சியாளராக இல்லை, நூலக உதவியாளராக!

ஓய்வு நேரத்தில் ஆய்வகத்தில் உட்கார்ந்து காலராவுக்கு ஒரு தடுப்பூசியை உருவாக்கினார். 1892 ஜூலை 18-ல் அதை முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போனது. இது வேலை செய்யுமா என்று பார்க்க காலரா இருக்கும் ஊருக்குத்தானே போகணும்? 1893-ல் கல்கத்தா வந்து இறங்கினார்.

டீ எஸ்டேட்டுக்குப் போன ஊசி

கல்கத்தா குடிசைப் பகுதிகளில் முதலில் சந்தேகம்தான். வெள்ளைக்காரர், புரியாத பாஷை, கையில் ஊசி. சௌத்ரி, கோஷ், சாட்டர்ஜி, தத் என்ற இந்திய டாக்டர்களைக் கூட சேர்த்துக்கொண்டார். ஜனங்கள் பார்க்கும்படி தனக்கே ஊசி குத்திக் காட்டினார். கட்டல் பகான் என்ற குடிசைப் பகுதியில் சுமார் 200 பேரில் 116 பேர் போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு அங்கே 10 பேருக்குக் காலரா வந்தது, 7 பேர் இறந்தார்கள். எல்லோரும் ஊசி போடாதவர்கள்.

இந்தக் கணக்கைக் கேள்விப்பட்ட அசாம் டீ எஸ்டேட் முதலாளிகள் அவரைக் கூப்பிட்டார்கள். இந்தியாவில் வேலையிடத்துக்கே போய் தொழிலாளர்களுக்குப் பெரிய அளவில் தடுப்பூசி போட்ட ஆரம்பகாலக் கதை இதுதான். அந்தத் தொழிலாளர்கள் யார் தெரியுமா? சோட்டா நாக்பூர், ஒடிசா பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். இன்றைக்குத் திருப்பூர் ஸ்டேஷனில் இறங்குபவர்களில் எத்தனையோ பேருக்கு அதே பக்கம்தான் சொந்த ஊர்.

முதலாளிகளுக்கு மனிதாபிமானம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆள் செத்தால் தேயிலை பறிக்க ஆள் இல்லை. ஹாஃப்கினுக்கும் ஒரு லாபம் இருந்தது. ஒரே லைன் வீட்டில் தங்கி, ஒரே தண்ணீர் குடிக்கும் ஆட்களில் ஊசி போட்டவர் எத்தனை பேர், போடாதவர் எத்தனை பேர், யாருக்கு நோய் வந்தது என்று எண்ணிப் பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. 1895-ல் மலேரியா வந்து அவரே படுத்துவிட்டார். அதற்குள் சுமார் 42 ஆயிரம் பேருக்கு ஊசி போட்டிருந்தார்.

ஆள் காலியான பம்பாய்

1896-ல் பம்பாயில் பிளேக். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டு ஓட, பஞ்சாலைகள் ஆள் இல்லாமல் தவித்தன. 2020 லாக்டவுனில் சிறப்பு ரயில்கள் கிளம்பியபோது திருப்பூர் எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிராண்ட் மெடிக்கல் காலேஜில் கொடுத்த ஒரு சின்ன இடத்தில் மூன்றே மாதத்தில் பிளேக் தடுப்பூசி தயார். 1897 ஜனவரி 10-ல் மறுபடியும் முதல் ஊசி அவருக்கே. அதே மாசக் கடைசியில் பைகுலா சிறைக்குள் பிளேக் நுழைந்தது. 147 கைதிகளுக்கு ஊசி போட்டார்கள், 172 பேருக்குப் போடவில்லை. போடாதவர்களில் 12 பேருக்கு நோய், 6 பேர் சாவு. போட்டவர்களில் 2 பேருக்கு நோய், சாவு இல்லை. முழுப் பாதுகாப்பு இல்லைதான், ஆனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகா கான் தானே போட்டுக்கொண்டு, தன் சமூகத்தினரையும் போட வைத்தார். பருத்தி வியாபாரமும் ரயில்வே பணிமனையும் இருந்த ஹூப்ளியில் ஊரின் பெரும்பகுதி பேர் போட்டுக்கொண்டார்கள்.

இங்கே ஒரு பிரேக். அந்தக் கால ஊசி நல்ல காய்ச்சலைக் கிளப்பும், தினக்கூலிக்காரருக்கு வேலை கெடும். இப்போதைய ஃப்ளூ ஊசி அப்படி இல்லை. வழக்கமாகப் போடுவதில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதனால் ஊசியால் ஃப்ளூ வராது. கை வலி, லேசான காய்ச்சல், உடம்பு வலி ஓரிரு நாள் இருக்கலாம். பாதுகாப்பு வர சுமார் இரண்டு வாரம் ஆகும் என்பதால்தான் மழைக்கு முன்னாடியே போடச் சொல்வது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருஷா வருஷம் போடணும். சாதாரண சளியை இது தடுக்காது. ஊசி போட்டும் சிலருக்கு ஃப்ளூ வரலாம், ஆனால் நோய் முற்றும் ஆபத்து குறையும். கேம்ப் நடத்தும் கம்பெனி இதையெல்லாம் ஒடியாவிலும் இந்தியிலும் சொல்லாமல், அடுத்த நாள் லீவுக்குச் சம்பளமும் தராமல், சும்மா வரிசையில் நிற்கச் சொன்னால் யார் நிற்பார்கள்?

ஒரே ஒரு பாட்டில்

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமம். அன்று ஊசி போட்டுக்கொண்ட 107 பேரில் 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். 19 பேருக்கும் மருந்து எடுத்தது ஒரே பாட்டிலில் இருந்து. மற்ற பாட்டில்களில் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழி பம்பாய் ஆய்வகத்தின் மேல் விழுந்தது. வேகமாகத் தயாரிக்க ஹாஃப்கின் செய்முறையை மாற்றி, கார்பாலிக் அமிலத்தை விட்டதுதான் காரணம் என்றார்கள். பதவி போனது. ஆனால் பாட்டிலைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்ததும், அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமலே பயன்படுத்தியதும் விசாரணையிலேயே பதிவாகியிருந்தது. கிருமி ஆய்வகத்தில் சேரவில்லை, கிராமத்தில் பாட்டில் திறந்த இடத்தில்தான் சேர்ந்தது என்று வாதாடியவர்களில் ஒருவர், மலேரியா ஆராய்ச்சிக்காக நோபல் வாங்கிய ரொனால்ட் ராஸ். 1907-ல்தான் ஹாஃப்கின் மேல் இருந்த பழி நீங்கியது. ஐந்து வருஷம்!

இன்றைக்கும் கேம்பில் கவனிக்க வேண்டிய இடம் அதேதான். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் ஐஸ் பாக்ஸில் வந்ததா, உறையாமல் இருந்ததா, ஒவ்வொருவருக்கும் புது ஊசியா, போட்ட பிறகு கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்க்க நர்ஸ் இருக்கிறாரா? கேட்பதில் தப்பே இல்லை. கடுமையான அலர்ஜி உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடணும்.

பழி நீங்கியும் ஹாஃப்கினுக்குத் தான் உருவாக்கிய பம்பாய் ஆய்வகம் திரும்பக் கிடைக்கவில்லை. கல்கத்தாவில், பெரிதாகத் தடுப்பூசி தயாரிக்க வசதியில்லாத ஓர் ஆய்வகத்தைக் கொடுத்தார்கள். ஓய்வு பெற்று ஐரோப்பாவுக்கே போய்விட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1897 முதல் 1925 வரை பம்பாயிலிருந்து வெளியே போன பிளேக் தடுப்பூசி 2 கோடியே 60 லட்சம் டோஸ். அந்த 1925-ல்தான் பரேலில் இருந்த ஆய்வகத்துக்கு ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் என்று பெயர் வைத்தார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1930 அக்டோபர் 26-ல், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் இறந்தார்.